கையிலதானே இருக்கு

சமையலறைகளை வரைவது அவள் வேலை. புது வீடு கட்டுகிறவர்களும் பழைய வீட்டைத் திருத்துகிறவர்களும் அவளுடைய நிறுவனத்தைத் தேடி வருவார்கள். அவள் டேப்பை எடுத்துக்கொண்டு போய், சுவருக்குச் சுவர், ஜன்னலின் அடிவிளிம்பு, தண்ணீர்க் குழாய் வெளியே வரும் இடம் என்று ஒன்று விடாமல் அளந்து வருவாள். பிறகு கணினியில் கோடு கோடாக வரைந்து, அடுப்பு எங்கே, தொட்டி எங்கே, எந்தக் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று முடிவு செய்து, கடைசியில் எல்லாவற்றையும் ஒரு படமாக்குவாள். அந்தப் படத்தில் ஜன்னல் வழியே வெயில் விழும், கல் மேடை பளபளக்கும். இன்னும் பூசிக்கூட முடிக்காத சமையலறையை, கட்டி முடிந்த பிறகு யாரோ போட்டோ பிடித்துக் கொண்டுவந்தது போலிருக்கும். கோட்டைப் படமாக்கும் இந்த வேலைக்கு ரெண்டர் என்று பெயர். சாதாரணக் கணினியில் அதை ஓடவிட்டால் பாதியிலேயே மூச்சு வாங்கிப் படுத்துவிடும்.

எட்டு வருடம் அலுவலகத்தில் இருந்த மேஜைக் கணினியில்தான் அவள் இதைச் செய்துவந்தாள். ஆறு மணிக்கு அதை அணைத்துவிட்டு எழுந்தால், மறுநாள் காலை வரை அவளிடம் யாரும் எதுவும் கேட்க முடியாது. கேட்டாலும், கம்ப்யூட்டர் ஆபீஸில் இருக்கிறது என்று சொன்னால் பேச்சு அதோடு முடிந்துவிடும். அந்த வரியின் அருமை அப்போது அவளுக்குத் தெரியவில்லை.

லேப்டாப் வாங்கும் யோசனை அப்பாவால் வந்தது. அவர் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா போன பிறகு நகரத்தின் மறுகோடியில், மூன்றாவது மாடியில் தனியாக இருந்தார். இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருந்தது. ஒரு மாத இடைவெளியில் ஒவ்வொரு கண்ணாக அறுவை செய்யலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வாரத்தில் இரண்டு நாளாவது அவர் வீட்டில் உட்கார்ந்து வேலை பார்த்தால் கூடமாட உதவியாக இருக்கும் என்று அவள் நினைத்தாள். சொந்தமாக ஒரு லேப்டாப் வாங்கிக்கொள்கிறேன், இரண்டு நாள் வெளியே இருந்து வேலை செய்யட்டுமா என்று முதலாளியிடம் கேட்டாள். அரை நாள் லீவு கேட்டால் மூன்று நாள் யோசிக்கிற மனிதர், கேட்ட மாத்திரத்தில் சரி என்றார். அப்போதே அவள் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

கடையில் விற்பனையாளர் அந்த லேப்டாப்பை ஒரே கையில் தூக்கி, தட்டு ஏந்துவது போல ஏந்திக் காட்டினார். இதைவிட வலுவானது இந்த அளவில் கிடையாது என்றார். அது உண்மைதான். ஆனால் சார்ஜர் வேறொரு பெட்டியில் இருந்தது. அந்தப் பெட்டியை வீட்டுக்கு வந்து பிரித்தபோதுதான் உள்ளே செங்கல் அளவுக்கு ஒரு கறுப்புக் கட்டியும், துணி காயப்போடக் கொடி கட்டலாம் போன்ற தடித்த ஒயரும் இருப்பதைப் பார்த்தாள். லேப்டாப், சார்ஜர், மவுஸ், டேப், வரைபடக் கோப்பு எல்லாம் சேர்ந்து பையைத் தோளில் மாட்டியதும் உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அவள் கணவன் மருந்துக்கடையில் மருந்தாளுநர். பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, வலிநிவாரணத் தைலத்தில் பெரிய பாட்டிலாக ஒன்று எடுத்து வைக்கிறேன் என்றான். விளையாட்டுக்குச் சொன்னான் என்று நினைத்தாள். மறுவாரமே அதைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டாள்.

அலுவலகத்தில் அவளுடைய பழைய கணினியை இரண்டே நாளில் வேறொருவருக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். அதனால் தினமும் லேப்டாப்பைச் சுமந்து போக வேண்டியதாயிற்று, தினமும் சுமந்து வர வேண்டியதாயிற்று.

அப்பா வீட்டில் முதல் நாள். பெரிய மூன்று முனை பிளக் நுழைகிற மாதிரி அந்த வீட்டில் இருந்தது ஒரே ஒரு பிளக் பாயிண்ட்தான். அதுவும் சமையலறையில், தொட்டிக்குப் பக்கத்தில். மடியில் வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்து பார்த்தாள். கால் மணி நேரத்தில் தொடை வெந்துவிடும் போலாயிற்று. மடிக்கணினி என்று பெயர் வைத்தவன் ஒருநாளும் இதை மடியில் வைத்திருக்க மாட்டான் என்று மனதுக்குள் திட்டினாள். ஐம்பதாவது நிமிடம் பேட்டரி தீர்ந்தது. வேறு வழியில்லாமல் சமையலறையிலேயே ஒரு சின்ன மேஜையையும் ஸ்டூலையும் போட்டு, பாத்திரங்களுக்கு நடுவே உட்கார்ந்து, யாரோ ஒருவருடைய சமையலறையை வரைந்தாள்.

ரெண்டரைத் தட்டியதும் உள்ளேயிருந்த விசிறிகள் சுழலத் தொடங்கின. சத்தம் ஏறிக்கொண்டே போனது. கூடத்தில் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்த அப்பா ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினார். இது இன்னும் ஏறியது. அவரும் இன்னும் கூட்டினார். கடைசியில் எழுந்து வந்து, தலையைச் சாய்த்து, காதைக் கிட்டே கொண்டுபோய்க் கேட்டார்.

"பேரிங் போயிருக்கு," என்றார்.

"புதுசுப்பா. வாங்கி பத்து நாள்தான் ஆகுது."

"புதுசுலேயே போயிருக்கு. திருப்பிக் குடுத்துடு."

இது இப்படித்தான் ஓடும், இதன் சுபாவமே இதுதான் என்று அவள் எவ்வளவோ சொன்னாள். இவ்வளவு கத்துகிற மோட்டாரைத் தன் கையால் எந்த லிஃப்டிலும் மாட்டியதில்லை என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். அதன் பிறகு அவள் ரெண்டர் ஓட்டும்போதெல்லாம் காதில் பஞ்சு வைத்துக்கொண்டார்.

இதையெல்லாம்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாமல் போனது வேறொன்று. அப்பா வீட்டுக்குப் போகத் தொடங்கிய முதல் வாரத்தின் கடைசி நாள் பேருந்தில் நின்றுகொண்டு வரும்போது முதலாளி போன் செய்தார். ஒரு வாடிக்கையாளர் அலமாரியின் ஆழத்தைக் கேட்கிறாராம். நாளைக்குப் பார்த்துச் சொல்கிறேன் என்றாள். "ஏம்மா, லேப்டாப் கையிலதானே இருக்கு?" என்றார் அவர். இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாளிடம் கெஞ்சி, அவர் மடியில் பாதியும் தன் கையில் பாதியுமாக லேப்டாப்பை விரித்துப் பார்த்துச் சொன்னாள். இறங்க வேண்டிய நிறுத்தம் போய்விட்டது.

அன்றிலிருந்து இதே பாட்டுதான். சாப்பிட உட்கார்ந்தால், கையிலதானே இருக்கு. சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால், கையிலதானே இருக்கு. முதலாளி மட்டுமல்ல. நாத்தனார் தன் மகன் பிறந்தநாளுக்கு எடுத்த வீடியோக்களை ஒன்றாகச் சேர்த்துப் பாட்டுப் போட்டுத் தரச் சொன்னாள். உன்னுடையதுதான் பெரிய லேப்டாப் ஆயிற்றே, ஒரு நொடியில் முடிந்துவிடும் என்றாள். அந்த ஒரு நொடி இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்றது.

அந்த நேரத்தில்தான் பல் டாக்டர் அம்மா வந்து சேர்ந்தார். புது வீடு, பெரிய சமையலறை. தினமும் அடுத்தவர் வாயைத் திறக்கச் சொல்கிறவர், இவளை மட்டும் வாயைத் திறக்கவிடவில்லை. கட்டிக்கொண்டிருக்கும் வீட்டிலேயே நின்று படத்தைப் பார்த்தால்தான் தனக்குப் பிடிபடும் என்றார். அங்கே மின்சாரம் இன்னும் வரவில்லை. சிமெண்ட் மூட்டைமேல் லேப்டாப்பை வைத்துத் திறந்தாள். நல்ல வெயில். திரையில் பல் டாக்டரின் முகம்தான் தெரிந்தது, சமையலறை தெரியவில்லை. துப்பட்டாவால் பந்தல் போட்டுக் காட்டினாள். அவர் உள்ளே தலையை விட்டு, மேல் அலமாரிக் கதவுகளின் சாம்பல் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பேட்டரி போய்விட்டது. இவ்வளவு பெரிய மெஷினில் ஒரு மணி நேரம்கூட சார்ஜ் நிற்காதா என்று அவர் கேட்டார். என் போன் ரெண்டு நாள் நிற்கிறதே என்றும் சொன்னார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு புன்னகை செய்தாள். ஒரு மாதத்துக்குள் அந்தச் சமையலறைக்கு ஏழு படங்கள் போட்டாள்.

அப்பாவின் முதல் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது. இரண்டாவது கண்ணுக்குக் கட்டுப் பிரிக்கிற நாள் அவள் முழு நாள் லீவு எடுத்திருந்தாள். லேப்டாப்பை வீட்டில் வைத்துவிட்டுப் போகலாமா என்று வாசல்வரை வந்து யோசித்தாள். கேட்டால் என்ன சொல்வது என்று பயமாக இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று எடுத்துக்கொண்டாள்.

கண் ஆஸ்பத்திரியில் வரிசையாக நாற்காலிகள். ஒரு கண்ணில் கட்டுப் போட்டவர்கள், அவர்களைக் கையைப் பிடித்து அழைத்து வந்தவர்கள் என்று கூட்டம். உட்கார்ந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை, முதலாளி அழைத்தார். பல் டாக்டர் வீட்டுப் பலகைகளைப் பன்னிரண்டு மணிக்குத் தொழிற்சாலையில் அறுக்கப் போகிறார்களாம். அதற்குள் மேல் கதவுகளை வெளிர் பச்சையில் போட்டால் எப்படி இருக்கும் என்று அந்த அம்மா பார்க்க வேண்டுமாம்.

"சார், நான் இன்னிக்கு லீவு. அப்பாவோட ஆஸ்பத்திரியில இருக்கேன்."

"தெரியும்மா, அதான் ரொம்ப யோசிச்சிட்டுக் கூப்பிடறேன். ஒரே ஒரு படம். லேப்டாப் கையிலதானே இருக்கு?"

இல்லை என்று சொல்ல வாய் எழவில்லை. பை அவள் முழங்காலில் இடித்துக்கொண்டிருந்தது.

ஒரு படம் ஓடி முடிய நாற்பது நிமிடம் ஆகும், பேட்டரி அதுவரை தாக்குப்பிடிக்கும் என்ற நம்பிக்கை இல்லை. தாழ்வாரம் முழுக்கத் தேடினாள். குடிதண்ணீர் இயந்திரத்துக்குப் பின்னால் ஒரு பிளக் பாயிண்ட் இருந்தது. காவலாளியிடம் அனுமதி கேட்டாள். பத்து நிமிடம் என்றார் அவர். பத்து நிமிடம்தான் என்று அவளும் கூசாமல் சொன்னாள். தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, மடி வேகாமல் இருக்க அப்பாவின் ஆஸ்பத்திரிக் கோப்பை அடியில் வைத்து, நிறத்தை மாற்றி, ரெண்டரைத் தட்டினாள்.

விசிறிகள் ஏறின. அந்தத் தாழ்வாரம் அவ்வளவு அமைதியாக இருந்தது அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது. கண்ணில் கட்டுப் போட்டிருந்தவர்கள்கூடச் சத்தம் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார்கள். ஒரு நர்ஸ் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, ஏசி கெட்டுவிட்டதோ என்று நினைத்தேன் என்றார். அவளுக்கு அங்கேயே தரைக்குள் புகுந்துவிடலாம் போலிருந்தது. படம் பாதிக்குமேல் வந்திருந்தது. இப்போது மூடினால் மறுபடி முதலிலிருந்து ஓடவிட வேண்டும்.

அந்த நேரம் பார்த்து அப்பாவின் பெயரைக் கூப்பிட்டார்கள்.

"நான் போய்க்கறேன்," என்றார் அப்பா. "கட்டுதானே பிரிக்கப் போறாங்க. நீ அந்தச் சனியனை முடி."

ஐந்து நிமிட வேலைதான் என்று அவளும் நினைத்தாள். அவர் சுவரைத் தொட்டுக்கொண்டே உள்ளே போனதைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். திரும்பிப் பார்த்தபோது கதவு மூடியிருந்தது.

அப்பா வெளியே வந்தபோது கையில் ஒரு புது சொட்டு மருந்து பாட்டில் இருந்தது. எப்படிப் போட வேண்டும் என்று சொன்னார்களா என்று கேட்டாள். எல்லாம் சொன்னார்கள், தனக்குத் தெரியும் என்றார். காவலாளி நாலாவது தடவையாக வந்து நிற்கிறார், படம் தொண்ணூறு சதவீதத்தைத் தாண்டிக்கொண்டிருக்கிறது. அதற்குமேல் அவள் கேட்கவில்லை. பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது படம் போய்ச் சேர்ந்தது. பல் டாக்டர் அம்மா தன் போனில் பார்த்துவிட்டு, முதலில் காட்டிய சாம்பலே இருக்கட்டும் என்று பதில் அனுப்பினார்.

இரண்டு நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை, கணவனோடு அப்பா வீட்டுக்குப் போனாள். கட்டுப் பிரித்த புதுக் கண் கொவ்வைப் பழம் போலச் சிவந்திருந்தது. உறுத்துகிறதா என்று கேட்டால் கொஞ்சம் என்றார். கணவன் அலமாரியில் இருந்த இரண்டு பாட்டில்களையும் எடுத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். கடையில் மருந்துச் சீட்டைப் படிக்கிற அதே முகத்தோடு, எந்தப் பாட்டில் எந்தக் கண்ணுக்கு என்று கேட்டான்.

"நீல மூடி புதுக் கண்ணுக்கு, வெள்ளை மூடி பழைய கண்ணுக்கு," என்றார் அப்பா.

"இல்ல மாமா. வெள்ளைதான் புதுக் கண்ணுக்கு. நீலம் பழைய கண்ணுக்குப் போன மாசம் குடுத்தது, அது வெறும் ஈரத்துக்கு. இதை மாத்திப் போட்டிருக்கீங்க."

அந்த நர்ஸ் அம்மா அவசரமாகச் சொன்னார், தலையாட்டிவிட்டேன் என்று அப்பா மெதுவாகச் சொன்னார். குற்றம் செய்த பிள்ளை மாதிரி அவர் உட்கார்ந்திருந்தது அவளுக்கு என்னவோ செய்தது.

உடனே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். அன்று முறையில் இருந்த டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார். இரண்டு நாளோடு வந்ததால் தப்பித்தது, இன்னும் நாலு நாள் போயிருந்தால் கிருமி ஏறியிருக்கும் என்றார். வேறு மருந்து எழுதினார். பிறகு நிமிர்ந்து பார்த்து, அன்றைக்கு இவரோடு யார் வந்தது என்று கேட்டார்.

"நான்தான்," என்றாள் அவள்.

"இதையெல்லாம் கூட வந்தவங்க கேட்டுக்கணும். பெரியவரை மட்டும் உள்ள அனுப்பிட்டு நீங்க எங்க போனீங்க?"

குடிதண்ணீர் இயந்திரத்துக்குப் பின்னால் இருந்தேன் என்று எப்படிச் சொல்வது? அந்த நேரத்திலும் அவள் பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்க்காமலே யார் என்று தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் கணவன் சாதாரணமாகத்தான் கேட்டான், அன்றைக்கு லேப்டாப்பைக் கொண்டுபோகாமல் இருந்திருக்கலாமே என்று. அவ்வளவு நாளும் அடக்கி வைத்திருந்ததெல்லாம் அப்போது வெடித்தது.

"வச்சிட்டுப் போனா ஏன் வச்சிட்டுப் போனேன்னு அவங்க கேப்பாங்க. எடுத்துட்டுப் போனா ஏன் எடுத்துட்டுப் போனேன்னு நீங்க கேக்கறீங்க. இதுக்கு நான் ஒரு பிள்ளையைப் பெத்திருக்கலாம். அதையாவது யார்கிட்டயாவது குடுத்துட்டு உள்ள போயிருப்பேன்."

அவன் போய் அடுப்பில் பாலை வைத்தான்.

அடுத்த வாரம் அப்பா வீட்டில் வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போது லேப்டாப் ஆடியது. ஒரு பக்கம் கையை ஊன்றினால் மறுபக்கம் தூக்கியது. அப்பா அதைப் பார்த்துவிட்டு, மேஜைக் காலில்தான் கோளாறு என்று குனிந்து அட்டையை மடித்துச் சொருகினார். அப்போதும் ஆடியது. அவள் லேப்டாப்பைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். அடிப்பக்கம் வயிறு போல உப்பியிருந்தது. மூடிக்கும் ஓரத்துக்கும் நடுவே விரல் நகம் நுழைகிற அளவுக்கு இடைவெளி.

பழுது பார்ப்பவரின் கடை ஒரு மாடிப்படியின் அடியில் இருந்தது. நின்றால் தலை இடிக்கும். அவர் லேப்டாப்பைத் தொட்டுப் பார்த்த உடனே பக்கத்தில் இருந்த தேநீர்க் குவளையைத் தள்ளி வைத்தார். ஒவ்வொரு திருகாக, மிக மெதுவாகக் கழற்றி, தலையணை போலப் பருத்திருந்த பேட்டரியை வெளியே எடுத்து, மணல் நிரப்பிய தகர வாளியில் வைத்தார். அதன் பிறகுதான் மூச்சு விட்டார்.

எப்போதும் சொருகியே வைத்திருந்தீர்களா என்று கேட்டார். சொருகாவிட்டால் இது ஓடாதே என்றாள் அவள். ஓயாத சூடும் ஓயாத சார்ஜும் சேர்ந்தால் இப்படித்தான் ஆகும், நல்ல வேளை, கொண்டுவந்தீர்கள் என்றார். புது பேட்டரி வெளியூரிலிருந்து வர மூன்று வாரம் ஆகும். அதுவரை ஒயரைச் சொருகி வேலை செய்யலாம், வேகம் குறையும், ஒயர் கழன்றால் அந்த நொடியே அணைந்துவிடும் என்று சொல்லி அனுப்பினார்.

அன்று மாலை ஏழு மணிக்கு முதலாளி அழைத்தார். வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"இருக்கு சார். ஆனா பேட்டரியைக் கழட்டி எடுத்துட்டாங்க. வழியில எங்கேயும் திறக்க முடியாது."

சரிம்மா, நாளைக்குப் பார்க்கலாம் என்றார் முதலாளி. அந்த வார்த்தையை அவள் காது குளிரக் கேட்டாள். வைத்துவிட்ட போனைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அந்த மூன்று வாரமும் அவளுக்கு ஒரு யோகம்தான். எடுத்துப் போய் என்ன பயன் என்று லேப்டாப்பைப் பெரும்பாலும் அலுவலக மேஜையிலேயே விட்டுவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தாள். அப்பா வீட்டுக்குப் போகிற இரண்டு நாளுக்கு மட்டும் எடுத்துப்போனாள். நாத்தனார் இன்னொரு வீடியோவைப் பற்றிப் பேச ஆரம்பித்து, பேட்டரி கதையைக் கேட்டதும் ஐயோ பாவம் என்று போனை வைத்துவிட்டாள். கட்டும் வீட்டில் மின்சாரம் இல்லாததால் பல் டாக்டரும் அவர் கணவரும் அலுவலகத்துக்கே வர வேண்டியிருந்தது. அங்கே நிழலில், நாற்காலியில் உட்கார்ந்து, அலமாரிக் கதவுகளுக்கான நிஜமான கைப்பிடிகளைக் கையில் எடுத்துத் தடவிப் பார்த்தார்கள். வாரக்கணக்கில் இழுத்த கைப்பிடி விவகாரம் அரை மணியில் முடிந்தது. சொட்டு மருந்தை அவளே நேரம் பார்த்துப் போட்டாள். சிவப்பு வடிந்தது.

பேட்டரி வந்துவிட்டது என்று பழுது பார்ப்பவர் போன் செய்தார். வருகிறேன் என்றாள். போகவில்லை. ஒரு வாரம் கழித்து மறுபடி செய்தார். இந்த வாரம் கொஞ்சம் வேலை என்றாள். பொய் சொல்கிறாய் என்று கணவன் சிரித்தான். நான் யாரிடமும் பொய் சொல்லவில்லை, பேட்டரி இல்லை என்பது உண்மைதானே என்றாள்.

அந்த உண்மை ஒரு செவ்வாய்க்கிழமை வரை தாங்கியது. அன்று அப்பா வீட்டுச் சமையலறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, காலையிலிருந்து ஒரு கோணல் மூலையோடு போராடினாள். சுவர் நேராக இல்லாத வீடு. ஒவ்வொரு அலமாரியையும் தனித்தனியாக வெட்டி ஒட்டி, மூன்று மணிக்கு ஒருவழியாகப் பொருத்திவிட்டு, ரெண்டரை ஓடவிட்டு முகம் கழுவப் போனாள். திரும்பி வந்தபோது திரை கறுப்பாக இருந்தது. சத்தம் இல்லை. சார்ஜர் பிளக் தொட்டியின் ஓரத்தில் கிடந்தது. பிளக் பாயிண்டில் தண்ணீர் கொதிக்கவைக்கும் கெட்டில் சொருகியிருந்தது. பக்கத்தில் அப்பா இரண்டு டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"காலையிலேர்ந்து ஒண்ணுமே குடிக்கலையே நீ. அதான் காபிக்குத் தண்ணி வச்சேன்," என்றார்.

அவளுக்கு அழுவதா கத்துவதா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்யவில்லை. கெட்டில் கொதிக்கும் வரை நின்றாள். பிறகு பிளக்கை மாற்றிச் சொருகி, கோப்பைத் திறக்கப் பார்த்தாள். திறக்கவில்லை. நடுவில் சேமித்ததும் சேர்ந்து கெட்டுப் போயிருந்தது. அப்பா அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, நான் ஏதாவது பண்ணிட்டேனா என்று கேட்டார். இல்லப்பா, காபி நல்லா இருக்கு என்றாள். சர்க்கரை போடவே மறந்திருந்தார்.

காபியைக் குடித்துக்கொண்டே யோசித்தாள். பேட்டரி போட்டால் முதலாளி விடமாட்டார். போடாவிட்டால் இப்படி ஒரு நாள் உழைப்பு ஒரு டம்ளர் வெந்நீரில் போகும். முதலாளிக்குத் தடை போட்டது உப்பிப்போன ஒரு பேட்டரி, தான் அல்ல என்பது அப்போதுதான் உறைத்தது. எத்தனை பேட்டரி உப்பும் வரை ஒளிந்துகொண்டிருப்பது என்று தன்மேலேயே கோபம் வந்தது. அன்று மாலையே மாடிப்படிக் கடைக்குப் போய் பேட்டரியைப் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் காலை முதலாளியின் அறைக்குப் போனாள். அவர் ஏதோ அளவுத் தாளைப் புரட்டிக்கொண்டிருந்தார். உட்காரச் சொல்வதற்கு முன்பே அவள் பேச ஆரம்பித்துவிட்டாள். உட்கார்ந்தால் வேறு பேச்சு வந்துவிடும் என்று பயம்.

"சார், புது பேட்டரி போட்டாச்சு. ஆனா இனிமே பஸ்ஸுல, ஆஸ்பத்திரியில, சொந்தக்காரங்க வீட்டுல நான் இதைத் திறக்க மாட்டேன். அப்பா வீட்டுல இருக்கற ரெண்டு நாளும் பத்துலேர்ந்து ஆறு வரைக்கும் வேலை பார்ப்பேன். ஆறு மணிக்கு மூடிட்டா மூடினதுதான். லீவுன்னா எடுத்துட்டே போக மாட்டேன்."

முதலாளி கண்ணாடியைக் கழற்றினார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் முகத்தில் அதைவிட ஒரு குழப்பம்தான் தெரிந்தது.

"பேட்டரி போட்டதை நீ சொல்லாமலே இருந்திருக்கலாமேம்மா. எனக்கு எப்படித் தெரியப் போகுது?"

"சொல்லாம இருந்தா, அடுத்தது உப்பற வரைக்கும் நான் பயந்துட்டே இருக்கணும் சார்."

அவசரம் என்று ஒன்று வந்தால் என்ன செய்வது என்று அவர் கேட்டார். நிஜமான அவசரம் எது என்று அவளும் கேட்டாள். யோசித்துச் சொல்கிறேன் என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அவள் வெளியே வந்தாள். முன்பே சொல்லியிருக்கலாமே என்ற எரிச்சல் ஒரு பக்கம், சொல்லிவிட்டோமே என்ற பயம் ஒரு பக்கம்.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. அந்த வாரம் அவர் நாலு தடவை அழைத்தார். நாலு தடவையும், காலையில் பார்க்கிறேன் சார் என்றாள். அதற்கடுத்த வாரம் இரண்டு தடவை. ஒரு தடவை அவளே மனம் இளகி, திறக்கலாமா என்று பையின் ஜிப் வரைக்கும் கையைக் கொண்டுபோய்விட்டாள். கணவன் பார்த்துக்கொண்டிருந்ததால் கையை எடுத்தாள். தோள் வலிக்கு இப்போதும் தைலம்தான். விசிறிச் சத்தமும் குறையவில்லை. பல் டாக்டர் அம்மாவின் சமையலறை முடிந்து, அவர் தன் தங்கையை அனுப்பி வைத்திருக்கிறார். தங்கைக்கு எந்த நிறம் பிடிக்கும் என்று தங்கைக்கே இன்னும் தெரியவில்லை.

அப்பாவுக்குக் கடைசிப் பரிசோதனை ஒரு வியாழக்கிழமை வந்தது. வெறும் கைப்பையும் ஆஸ்பத்திரிக் கோப்புமாகப் போனாள். டாக்டர் அறைக்குள் அவரோடேயே நுழைந்தாள். எதிர்ச் சுவரில் இருந்த எழுத்துகளை அப்பா மேலிருந்து கீழ்வரை தட்டுத்தடங்கலில்லாமல் படித்தார். மருந்தை எத்தனை நாளில் நிறுத்த வேண்டும் என்று அவள் இரண்டு முறை கேட்டு எழுதிக்கொண்டாள். நர்ஸ் சலித்துக்கொண்டார்.

திரும்பும்போது பேருந்தில் அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்தார். கடைப் பலகைகள், சுவர் விளம்பரங்கள், முன்னால் போகும் வண்டியின் எண் என்று கண்ணில் பட்டதையெல்லாம் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தார். முன் இருக்கைக்காரர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. போதும்பா என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவர் ஒரு பலகையைத் தவறவிட்டுவிட்டு, அதில் என்ன எழுதியிருந்தது என்று கேட்டார். தையல் மிஷின் ரிப்பேர் என்று அவள் சொன்னாள்.